மணாலி – லே சாலையில் தனியாக ஒரு பைக் பயணம்: சுதந்திரமும் வீட்டு நினைப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லடாக் வரை பைக்கில் போய் வந்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் வண்டியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். என்ன வண்டி, என்ன டயர், லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, கிளம்பும் நேரத்தில், குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு வேறு சில கேள்விகள் வரும்: பயமாக இருக்காதா, வீட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது. வண்டியைப் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த இரண்டாவது வகைக் கேள்விகளைத்தான் பலரும் மீண்டும் மீண்டும் கேட்டார்கள் என்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

இது எந்தச் சாலை? நம்ம ஊரிலிருந்து பைக்கிலேயே போய்விட முடியுமா?

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியில் தொடங்கி லடாக்கின் லே நகரத்தை அடையும் மலைச்சாலை இது. தேசிய நெடுஞ்சாலை 3-இன் ஒரு பகுதி. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, ரோத்தங் கணவாயில் ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மொத்த தூரம் சுமார் 430 கி.மீ. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்திலும் லே சுமார் 3,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையில் பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லா ஆகிய கணவாய்களைக் கடக்க வேண்டும். பனியைப் பொறுத்து மே இறுதி அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரை சாலை திறந்திருக்கும்.

சென்னையிலிருந்து மணாலிக்கே 2,700 கி.மீ. வரை வந்துவிடும். விடுமுறை குறைவாக உள்ளவர்கள் வண்டியை ரயிலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ பார்சல் போட்டுவிட்டு அங்கிருந்து ஓட்டுகிறார்கள். விடுமுறை கிடைக்குமானால் வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிச் செல்லுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஓசூரைத் தாண்டினால் பலகையில் எழுத்து மாறும், கர்நூலில் சாப்பாட்டின் காரம் மாறும், நாக்பூரில் நம் மொழிக்குப் பதில் வராது. வீடு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்போது மனமும் கூடவே பழகிக்கொள்கிறது. நேற்று வீட்டுத் திண்ணையில் இருந்தவர் இன்று மணாலியில் நின்றால் அந்த இடைவெளி முழுவதையும் ஒரே இரவில் தாங்க வேண்டியிருக்கும்.

அங்கே மனிதர்களே இருக்க மாட்டார்களா?

இருக்கிறார்கள், ஆனால் வெகு தூரம் தள்ளித் தள்ளி. தார்ச்சா என்ற கிராமத்தைத் தாண்டினால் லடாக் பக்கத்தில் ரும்ட்ஸே வரை ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் ஊர் ஒன்றுகூட அந்தச் சாலையில் இல்லை. ஜிங்ஜிங்பார், பரத்பூர், சர்ச்சு, பாங் என்று வரைபடத்தில் இருக்கும் பெயர்களெல்லாம் கோடையில் மட்டும் முளைக்கும் கூடார தாபாக்களும் ராணுவ, சாலைப் பணி முகாம்களும்தான். மரம் கிடையாது. பழுப்பும் சாம்பலும் காவியுமான மலைகள், வறண்ட காற்று, எங்கோ அடியில் ஓடும் ஆறு. இவ்வளவு பெரிய வெளியில் மரத்தின் நிழல் ஒன்றுகூட விழுவதில்லை என்பது நம் ஊர்க் கண்ணுக்குப் பழகச் சில நாட்கள் ஆகும்.

ஆனாலும் அதை வெறும் நிலம் என்று எண்ணிவிடக் கூடாது. சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பா மக்கள் பஷ்மினா ஆடுகளோடும் யாக் எருமைகளோடும், யாக் மயிரால் நெய்த கூடாரங்களோடும் மேய்ச்சலைத் தேடி இடம் மாறிக்கொண்டே வாழ்கிறார்கள். நமக்கு வனாந்தரமாகத் தெரிவது அவர்களுக்கு, எந்த மாதம் எங்கே புல் இருக்கும் என்று தெரிந்த வீட்டு முற்றம். கூடாரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதற்கு முன் இதை நினைவில் வைத்திருங்கள்.

எல்லோரும் 'சுதந்திரம், சுதந்திரம்' என்கிறார்கள். அங்கே போனால் அப்படி என்னதான் கிடைக்கிறது?

பாங்கைத் தாண்டி ஓர் ஏற்றம் ஏறியதும் மோரே சமவெளி வருகிறது. 4,700 மீட்டருக்கு மேல், இரு பக்கமும் மலைகள் விலகி நிற்க, ஏறத்தாழ 40 கி.மீ. நீளத்துக்குச் சமதரை. அங்கே வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தால், சூடான சைலென்சர் குளிரும் 'டிக் டிக்' சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். தொலைவில் கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் நாலைந்து தலை தூக்கிப் பார்க்கும். இந்த நேரத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, யாரும் எதற்கும் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. பிள்ளை, கணவன், மனைவி, ஊழியர், கடன்காரர் என்று ஏதோ ஒரு முறையில் யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லியே நாளைக் கழித்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் விவரிக்கக் கடினமான ஓர் இலேசைத் தருகிறது. சுதந்திரம் என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

விதிகளே இல்லாத வாழ்வு என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சாலையின் மணாலி பக்கத்தில் உள்ள டாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க் அருகே அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று அறிவிக்கும் பலகை மிகவும் பெயர் பெற்றது. இப்போது லேக்குச் சற்று முன்னால் உள்ள காரு என்ற ஊரிலேயே பங்க் இருந்தாலும் 300 கி.மீ.க்கு மேல் கையிருப்புப் பெட்ரோலை நம்பித்தான் போக வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கே வெட்டிப் பாயும் நாலாக்களில் தண்ணீர் கூடும் என்பதால் அவற்றைக் காலையிலேயே கடந்தாக வேண்டும். காற்று மெலிந்திருப்பதால் 5,000 மீட்டரில் இன்ஜின் தன் வலுவில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கும். மனிதர்கள் போட்ட கட்டளைகள் போய், மலையும் வெயிலும் போட்ட கட்டளைகள் வந்து உட்காருகின்றன. அவற்றுக்குப் பணிவது ஏனோ மனதைக் கனக்கச் செய்வதில்லை.

ஊர் நினைப்பு எப்போது வரும்? கிளம்பிய அன்றே வந்துவிடுமா?

பெரும்பாலும் வராது. முதல் சில நாட்கள் புதுமையே ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஓட்டும்போதும் வராது, கல்லும் மணலும் வளைவும் கவனம் முழுவதையும் கேட்கும். வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, கூடார தாபாவின் கட்டிலில் உட்காரும் மாலை நேரம்தான் ஆபத்தான நேரம். ஐந்து மணிக்கே குளிர் இறங்கும், செய்ய ஒரு வேலையும் இருக்காது, அதே நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது நமக்கு மனப்பாடமாகத் தெரியும்.

பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தன் குழந்தையைக் கொஞ்சிப் பேசுவது, அடுப்பில் கடுகு வெடிக்கும் சத்தம், தமிழில் ஒரு குரல், இவை போதும். லேயை நெருங்கும்போது வரும் உப்ஷி என்ற ஊரின் பக்கத்துச் சோதனைச் சாவடி ஒன்றில் என் வண்டியின் டி.என். எண் பலகையைப் பார்த்த ராணுவ வீரர் ஒருவர், "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். "திண்டுக்கல்லுண்ணே" என்றேன். "நமக்குத் தேனி. மழை பேஞ்சுதா அங்க?" என்றார் அவர். இரண்டு நிமிடப் பேச்சுதான். அதுவரை நன்றாக இருந்த எனக்கு, அதற்குப் பிறகு லே வரும் வரை வீட்டைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை.

முப்பது வயதுக்கு மேல் ஆனவனுக்கு வீட்டு நினைப்பு வந்து கண் கலங்குவது வெட்கமான விஷயமில்லையா?

இல்லை. 1688-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்தை உடலையும் வாட்டும் ஒரு நோயாகவே தம் ஆய்வேட்டில் விவரித்திருக்கிறார். அந்நிய மண்ணில் போரிடச் சென்ற சுவிஸ் வீரர்களிடம் இது பரவலாகக் காணப்பட்டது. ஆயுதம் ஏந்தியவர்களையே வாட்டிய ஒன்று ஹெல்மெட் மாட்டியவரை விட்டுவிடும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

நமக்கோ இன்னும் பழைய சான்று இருக்கிறது. பாலைத் திணைக்கு உரிய பொருளாக நம் முன்னோர் வைத்தது பிரிவு. பொருள் தேடி வறண்ட சுரத்தின் வழியே செல்லும் தலைவன், நடுவழியில் தன் நெஞ்சோடு வழக்காடுவான்: மேலே போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று. போகிறவன் ஏங்குவான் என்பதை இலக்கணமாகவே ஏற்றுக்கொண்ட மரபில் வந்தவர்கள், தாபாக் கட்டிலில் கண் கலங்கியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இரவில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாவற்றின் மேலும் எரிச்சல் வருகிறது. இது வீட்டு நினைப்பா, உயரத்தால் வரும் நோயா?

இந்தத் தொகுப்பில் மிக முக்கியமான கேள்வி இதுதான், ஏனென்றால் இரண்டுக்கும் அறிகுறிகள் பெருமளவு ஒத்துப்போகின்றன. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டி வந்துவிடும். பசி குறைவது, தூக்கம் கலைவது, தூக்கத்தில் மூச்சு ஒரு கணம் நின்று திடுக்கிட்டு விழிப்பது, சோர்வு, காரணமில்லாத எரிச்சல் ஆகிய அனைத்தும் ஆக்சிஜன் குறைவாலேயே வரக்கூடியவை. எனவே 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் அதனோடு குமட்டல், மயக்கம், பசியின்மை இவற்றில் ஏதேனும் ஒன்றும் சேர்ந்தால், உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு நினைப்பு என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு மேலும் ஏறக் கூடாது. வீட்டோடு பேசினால், யாராவது கூட உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு சற்றுத் தணியும். உயர நோய் எந்தப் பேச்சுக்கும் அசையாது. ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடந்து பாருங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை; உடனே இறங்கியாக வேண்டும், கூட ஓர் ஆளும் வேண்டும்.

இறங்குவதிலும் இந்தச் சாலையில் ஒரு பொறி இருக்கிறது. சர்ச்சு சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் இரண்டு கணவாய்களுக்கு நடுவே உள்ளது. அங்கே உடல்நிலை கெட்டால் மணாலி பக்கம் இறங்க முதலில் ஏறத்தாழ 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சாவில் ஏற வேண்டும். லே பக்கம் போனாலோ அதைவிட உயரம். பாங்கிலும் இதே நிலைதான். அங்கே ராணுவ முகாமில் மருத்துவ உதவி கேட்கலாம். ஆகவே முதல் முறை போகிறவர்கள் சுமார் 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவுகள் தங்கி உடலைப் பழக்கிவிட்டு, விடியும் முன் கிளம்பி, முடிந்தவரை சர்ச்சுவில் இரவைக் கழிக்காமல் கடந்துவிடுவது நல்லது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. உயர நோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நண்பர் சொன்னார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 4,000 மீட்டருக்கு மேல், இரவில், தூக்கமில்லாமல் எந்தப் பெரிய முடிவையும் எடுக்காதீர்கள். வேலையை விடுவது, உறவை முறிப்பது, இனி வண்டியே ஓட்டமாட்டேன் என்று சபதம் செய்வது, எல்லாமே அங்கே தெளிவான உண்மையைப் போலத் தோன்றும். லேயில் இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகும் அப்படியே தோன்றினால் அப்போது யோசிக்கலாம்.

வீட்டுக்கு எத்தனை முறை பேச வேண்டும்? சிக்னல் கிடைக்குமா?

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். அப்படியே இருந்தாலும் ஜிஸ்பாவுக்குப் பிறகு உப்ஷி பக்கம் வரும் வரை பெரும்பகுதியில் தொடர்பு இருக்காது. எத்தனை முறை பேசுகிறோம் என்பதைவிட, எப்போது பேச மாட்டோம் என்பதை வீட்டுக்கு முன்கூட்டியே சொல்வதுதான் முக்கியம். கேலாங்கிலிருந்து பேசும்போது இப்படிச் சொல்லுங்கள்: "அம்மா, நாளை காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன். அதற்குப் பிறகு போன் எடுக்காது. நாளை மறுநாள் இரவுக்குள் லேயிலிருந்து கூப்பிடுவேன். அதற்கும் அடுத்த நாள் காலை வரை கூப்பிடாவிட்டால் மட்டும் இந்த எண்ணில் விடுதிக்காரரிடம் கேளுங்கள்." எதுவரை கவலைப்பட வேண்டாம் என்று தெரிந்துவிட்டால், வீட்டில் இருப்பவர்களும் தூங்குவார்கள், நீங்களும் தூங்குவீர்கள்.

சிக்னல் உள்ள இடங்களில் இரவைவிடக் காலையில் பேசுவது நல்லது. ஏக்கம் கூடும் நேரம் மாலை என்று முன்பே சொன்னேன். அந்த நேரத்தில் வீடியோவில் வீட்டுக் கூடத்தைப் பார்த்துவிட்டு, அழைப்பு முடிந்ததும் குளிரில் தனியாக உட்கார்ந்திருப்பது பலருக்கும் தாங்க முடியாததாகிவிடுகிறது. காலையில் பேசினால், பேசி முடித்ததும் ஓட்ட ஒரு சாலை இருக்கும்.

அப்படியானால் சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு போனால் என்ன?

கூடாது. இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளுக்கும் இது பொருந்தும். எல்லைப் பகுதியான லடாக்கில் கைது வரை போகும். வெளிநாட்டுப் பயணிகளின் காணொளிகளைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

அம்மா நிச்சயம் சம்மதிக்க மாட்டார். பெங்களூரில் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா?

வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். விபத்து நேர்ந்தால் எங்கே தேடுவது என்று ஒருவருக்கும் தெரியாது என்பது ஒரு காரணம். அந்தப் பொய்யை 5,000 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பது மற்றொன்று. ஏக்கம் வரும்போது வீட்டை அழைத்து மனம் விட்டுப் பேசவும் முடியாது. பெங்களூர் வெயிலைப் பற்றிக் கற்பனையாக ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். மோரே சமவெளியில் கிடைக்கும் அந்த இலேசு அப்படிப் போனவர்களுக்குக் கிடைப்பதில்லை.

சம்மதம் கிடைக்காவிட்டாலும் தகவல் கொடுத்துவிட்டுப் போகலாம், வயது வந்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஒரு காகிதத்தில் நாள்வாரியாக ஊர்ப் பெயர்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மாக்கள் பலரும், மூன்றாம் நாளிலிருந்து அந்தக் காகிதத்தைப் பார்த்து, "இன்னிக்கு அவன் ஜிஸ்பாவுல இருப்பான்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

தனியாகப் போனால்தான் இதெல்லாம் கிடைக்குமா? நண்பர்களோடு போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். முதல் முறை இந்தச் சாலைக்குப் போகிறவர்கள் குறைந்தது இன்னொரு வண்டியோடு போவதையே நான் விரும்புவேன். தள்ளாடுகிறோமா என்று பார்த்துச் சொல்லவும், நாலாவில் விழுந்த வண்டியைத் தூக்கவும் ஆள் வேண்டும். ஆனால் பகலில் எல்லோரும் ஒட்டிக்கொண்டே ஓட்டத் தேவையில்லை. அடுத்த தாபாவில் சந்திப்போம் என்று பேசி வைத்துக்கொண்டு, அரை மணி நேர இடைவெளி விட்டு ஓட்டினால் தனிமையும் கிடைக்கும், மாலையில் பேச்சுத் துணையும் இருக்கும். யார் கடைசியில் வருகிறார் என்பதையும், அவர் எவ்வளவு நேரம் வராவிட்டால் திரும்பிப் போய்த் தேடுவது என்பதையும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எட்டுப் பத்துப் பேராகக் கூட்டம் சேர்ந்தால் வீட்டையே கூடத் தூக்கிக்கொண்டு போவதாகிவிடும். அதில் ஏக்கமும் குறைவு, சுதந்திரமும் குறைவு.

நம்ம ஊர்ச் சாப்பாடு இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

கூடார தாபாக்களில் ராஜ்மா சாதம், பருப்பு, ரொட்டி, ஆம்லெட், மேகி, டீ கிடைக்கும். 5,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. சில இடங்களில் சாதம் நறுக்கரிசியாகத்தான் இருக்கும். நாக்கு கேட்பது பெரும்பாலும் புளிப்பையும் காரத்தையும்தான் என்பதால் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, சுக்குக் காபித்தூள் ஆகியவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளுங்கள். தாபாக்கார அம்மாவிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு, ரசப்பொடியும் உப்பும் கலந்து, மிளகு வாசனை மூக்கில் ஏறக் குடித்துப் பாருங்கள். பசியே இல்லை என்று மறுத்த வயிறு அதற்குப் பிறகு ஒரு தட்டுச் சாதத்தை ஏற்றுக்கொள்ளும். அப்போதும் குமட்டினால், உயர நோய் பற்றிய பதிலை மறுபடி படியுங்கள்.

கட்டா லூப்ஸில் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு?

சர்ச்சுவைத் தாண்டி 21 கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் இடம் கட்டா லூப்ஸ். பல ஆண்டுகளுக்கு முன், பனிக்காலம் தொடங்கும் வேளையில் ஒரு லாரி அங்கே பழுதாகி நின்றதாகவும், ஓட்டுநர் உதவி தேடிப் போனபோது பனி விழுந்து வழி அடைபட்டதால், காவலுக்கு விடப்பட்ட கிளீனர் குளிரிலும் தாகத்திலும் இறந்துபோனதாகவும் ஒரு கதை சொல்கிறார்கள். அவருடைய ஆவி வழிப்போக்கர்களிடம் தண்ணீர் கேட்கும் என்ற நம்பிக்கையில் அங்குள்ள சிறு மாடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் பாட்டில்கள் குவிந்திருக்கின்றன.

பேயை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வீட்டுக்குத் திரும்ப முடியாமல் போன ஒருவருக்காக அவ்வழியே போகிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்கிறார்கள் என்பதால் நானும் அங்கே நிற்பேன். பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். பாட்டிலில் உள்ள தண்ணீரை அங்கே ஊற்றிவிட்டு, காலியை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

சாலை ஓரத்தில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் குற்ற உணர்ச்சி வருகிறது. நான் ஏங்குவதற்கே தகுதி உண்டா?

அந்த உணர்ச்சி வருவது நல்லதுதான். இந்தச் சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு பராமரிக்கிறது. லடாக் பக்கத்தில் அதன் ஹிமாங்க் திட்டம் 1985 முதல் இயங்கி வருகிறது. அதற்காகக் கோடை முழுவதும் கல் உடைத்து, தார் ஊற்றுகிறவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா போன்ற மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். சமவெளியில் பிறந்து வளர்ந்த அவர்கள், புகைக்கும் காற்றுக்கும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நாம் ஐந்து நிமிடம் நின்று படம் எடுக்கும் உயரத்தில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். நாம் நினைத்த நாளில் திரும்பலாம். அவர்களால் சாலை மூடும் காலம் வரை முடியாது.

அதற்காக உங்கள் ஏக்கம் பொய்யாகிவிடாது. இரண்டு பேரும் ஒரே விதமாகத்தான் வீட்டை நினைக்கிறார்கள், திரும்பும் வழி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. வேகத்தைக் குறைத்து, புழுதி கிளப்பாமல் அவர்களைக் கடந்து போங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். தாபாவில் ஒன்றாக உட்கார நேர்ந்தால் ஊரைப் பற்றிக் கேளுங்கள். இந்தி அரைகுறையாக இருந்தாலும், ஊர், பிள்ளைகள், விளைச்சல் என்ற மூன்று விஷயங்களைப் பேசிவிடலாம்.

பாதியிலேயே திரும்பிவிட்டால் ஊரில் என்ன நினைப்பார்கள்?

ஒரு வாரம் ஏதாவது நினைப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். திரும்புவதற்கான காரணம் உடல்நிலை என்றால் யோசிக்கவே வேண்டாம், திரும்புங்கள். காரணம் வீட்டு நினைப்பு மட்டும்தான் என்றால், ஒரு நாள் ஓட்டாமல் ஒரே இடத்தில் தங்கி, குளித்து, துணி துவைத்து, நன்றாகச் சாப்பிட்டுப் பாருங்கள். களைப்பில் பாதி ஏக்கம் கலந்திருக்கும். மறுநாள் காலையிலும் வண்டியின் முகம் தெற்கே திரும்பவே ஆசைப்பட்டால் கிளம்பிவிடுங்கள். விரும்பியபோது போகும் உரிமைக்காக வந்தவர், விரும்பியபோது திரும்பும் உரிமையை ஊர்ப் பேச்சுக்குப் பயந்து விட்டுக்கொடுப்பது எனக்குப் புரிவதில்லை.

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. அவ்வளவு ஏங்கிய வீடு இப்போது ஒட்டவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

பலருக்கும் இது நேர்கிறது. அங்கே இருந்தபோது நீங்கள் ஏங்கிய வீட்டில் மின்கட்டணமும் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்ற சண்டையும் இல்லை. அவற்றை ஏக்கம் கழித்துவிட்டிருந்தது. அதுபோலவே இப்போது நினைவில் வரும் மோரே சமவெளியில் தலைவலியும் விறைத்த விரல்களும் இல்லை.

லடாக்கின் ட்ஸோ கார், ட்ஸோ மோரிரி ஏரிகளில் கோடையில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து என்ற பறவையினம், குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் வரை வருகிறது. அங்குள்ள மக்கள் பறவைகளைத் தங்கள் ஊர்ப் பிள்ளைகளாகவே பாவிக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு மனம் ஒட்டாமல் தவித்த சிலரிடம் டிசம்பர், ஜனவரி வாக்கில் கூந்தன்குளம் போய் வரச் சொல்லியிருக்கிறேன். மேலே பார்த்த அதே வகைப் பறவை, தலையில் அதே இரண்டு கறுப்புப் பட்டைகளோடு, நெல் வயல் ஓரத்துக் குளத்தில் நீந்துவதைப் பார்ப்பது அவர்களுக்கு உதவியதாகச் சொன்னார்கள்.

நான் லேயில் இருக்கும்போது வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால்? வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

பலரையும் கிளம்பவிடாமல் தடுப்பது இந்தப் பயம்தான் என்பதால் இதற்கான ஏற்பாட்டைக் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். லேயிலிருந்து டெல்லிக்கு விமானங்கள் உண்டு. அவை பெரும்பாலும் காலை நேரத்தில்தான் பறக்கும், வானிலை கெட்டால் ரத்தாகும். எனவே செய்தி மாலையில் வந்தால் அன்றிரவே பதறி வண்டியில் கிளம்பாதீர்கள். இரவில் தங்லங் லாவைக் கடப்பதைவிட மறுநாள் காலை விமானம் உங்களை எப்படியும் முன்னதாகவே சேர்க்கும். கடைசி நேரப் பயணச்சீட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் வைத்திருங்கள்.

வண்டியை விடுதியில் ஒப்படைத்துவிட்டு வந்து, பிறகு லேயில் உள்ள லாரி பார்சல் நிறுவனம் வழியாகச் சண்டிகருக்கோ டெல்லிக்கோ இறக்கி, அங்கிருந்து ரயிலில் ஊருக்கு வரவழைக்கலாம். ஆர்.சி., காப்பீடு, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களில் கையெழுத்துப் போட்டு ஓர் உறையில் தனியாக வைத்திருங்கள். உங்களுக்குப் பதிலாக வண்டியை அனுப்புகிறவருக்கு அவை தேவைப்படும். மாற்றுச் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். டேங்கில் உள்ள பெட்ரோலைப் பார்சலுக்கு முன் வடித்துவிட வேண்டும் என்பதையும் விடுதிக்காரரிடம் சொல்லி வையுங்கள்.